வராத போனுக்கு மூன்று துளைகள்

வரப்போகும் போனின் படம் கசிந்துவிட்டது என்ற செய்தியை நான் பல் விளக்கிக்கொண்டே பார்த்தேன். வாயில் நுரையோடு அக்காவுக்குப் போன் போட்டு, "கேமரா எடம் மாறிருச்சுக்கா" என்றேன். நான் என்ன உளறுகிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி சொன்னேன். "நெசமாவா புள்ள? செரி, நீ வெரசாக் கடைக்கு வா" என்றாள். ஒரு போனின் முதுகைப் பற்றி அன்றைக்கு ஊரில் வேறு யாரும் இவ்வளவு பரபரப்பாகப் பேசியிருக்கமாட்டார்கள். எங்களுக்கு அந்த முதுகுதான் பிழைப்பு.

திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், போன் கவரில் போட்டோ அச்சடித்துத் தரும் கடை எங்களுடையது. எங்களுடையது என்றால் அக்காவுடையது. நான் கம்ப்யூட்டரைத் தட்டுகிறவள், வாய் பேசுகிறவள். போட்டோவைப் பேப்பரில் அச்செடுத்து, வெள்ளைக் கவரின்மேல் வைத்து, சூடாக்கும் மெஷினில் அழுத்தினால் படம் கவரில் இறங்கிவிடும். வேறு ஊர்களில் இப்படிக் கவர் போடுகிறவர்கள் குழந்தை படமோ சாமி படமோ கேட்பார்களாம். எங்கள் ஊரில் ரிக் வண்டி படம் கேட்பார்கள். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் ஒன்று புதிதாக வாங்கினால் மலையடிவாரத்தில் நிறுத்திப் பூஜை போட்டு, மாலையும் கழுத்துமாக முதலாளி குடும்பத்தோடு நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார். வண்டி வடக்கே கிளம்புவதற்குள் அந்தப் படம் முதலாளியின் போனிலும் டிரைவர் போனிலும் சமைக்கிறவர் போனிலும்கூட ஏறியிருக்க வேண்டும். இது எழுதாத சட்டம். நாங்கள் அந்தச் சட்டத்தை நம்பித்தான் கடை போட்டோம்.

இந்தத் தொழிலில் எங்களுக்கு ஒரே எதிரி கேமரா ஓட்டை. அப்போதிருந்த போன்களில் எல்லாம் முதுகின் இடது மேல்மூலையில் கேமராக்கள் கூட்டமாகக் குந்தியிருக்கும். போட்டோவில் அந்த மூலையில் யார் நின்றாலும் தலை போய்விடும். எங்கள் கடையால் தலையிழந்த சித்தப்பாக்களும் மாமியார்களும் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர்.

அக்காவுக்கும் அதே கதிதான். அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, ரிக் வைத்திருக்கிறார். அவருடைய பூஜை போட்டோவில் அக்கா இடது ஓரம், மாமா நடுவில், இருவருக்கும் பின்னால் வலது கோடி வரை நீளும் ரிக்கின் பெயர்ப் பலகை. படத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினால் அக்கா முகம் தப்பும். பலகையின் கடைசி எழுத்து கவரைத் தாண்டிப் போய்விடும். "நகத்தட்டுங்களா மாமா?" என்று அப்போதே கேட்டேன். "வேண்டாம் அம்மணி, போர்டு முழுசா வரட்டும்" என்றார். அக்கா அந்த நேரம் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். அன்றிலிருந்து மாமாவின் கவரில் பட்டுச்சேலை கட்டிய ஒரு உடம்பு நிற்கிறது, தலைக்குப் பதில் கேமராவோடு. அந்தக் கவரையும் எங்கள் கையாலேயே அடித்துக்கொடுத்தோம்.

போன் படம் கசிந்த நேரத்தில் கடையே ஆட்டம் கண்டிருந்தது. எதிரில் பெரிய ஷோரூம் ஒன்று வந்து, கண்ணாடிச் சுவர் முழுக்க ரெடிமேட் கவர்களைத் தொங்கவிட்டு எங்கள் கூட்டத்தைப் பாதியாக்கிவிட்டது. கடையை இன்னும் வைத்துக்கொள்கிறோமா இல்லையா என்று இடத்தை வாடகைக்கு விட்ட கட்டடக்காரர் ஆடிக்குள் சொல்லச் சொன்னார். சத்தீஸ்கரில் போர் போட்டுக்கொண்டிருந்த மாமா போனில் முடிவே சொல்லிவிட்டார். "மழை புடிச்சா இங்க வேலை நின்னுரும், நான் ஊருக்கு வாரேன். வந்ததும் சாவியக் குடுத்துரலாம். ரெண்டு பேரும் நாளெல்லாம் நின்னு எதுக்குக் கஷ்டப்படறீங்க?" கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. அதனால்தான் அவருக்குப் பதில் சொல்வதும் கஷ்டமாக இருந்தது. வருடத்தில் முக்கால்வாசி நாள் அவர் வடக்கே இருப்பார். "அந்த ஊட்டுல உக்காந்து நான் செவுத்தையா பாக்கறது?" என்று அக்கா என்னிடம்தான் கேட்டாள், அவரிடம் கேட்கவில்லை.

கசிந்த படத்தில் கேமராக்கள் மூலையைக் காலிசெய்துவிட்டு, மேலே ஒரே வரிசையில் தள்ளித்தள்ளி உட்கார்ந்திருந்தன. மூன்று வட்டம், நடுவில் இடைவெளி. நீளம், அகலம், கனம், வட்டங்களின் அளவு எல்லாம் போட்ட வரைபடமும் கூடவே வந்திருந்தது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "இப்பவே புக்கிங் எடுத்துரலாம். போன் வந்தப்பறம் ஷோரூம்காரன் கவர் வாங்கித் தொங்கவுடறதுக்குள்ள நம்ம போட்டோவெல்லாம் ரெடியா இருக்கோணும்" என்றாள். படம் பொய்யாகிவிட்டால் என்ன செய்வது என்றேன். "அச்சடிக்கறது போன் வந்தப்பறந்தானே புள்ள. பொய்யாப் போனா நகத்தி அடிச்சுக்கறது" என்றாள். நியாயம்தான். ஆனால் கையில் பிடித்துப் பார்க்காத பொருளுக்கு எங்கள் ஊர்க்காரர்கள் முன்பணம் தர மாட்டார்கள். அப்படியானால் பிடித்துப் பார்க்க ஒன்று செய்துவிடலாம் என்று அக்கா சொன்னாள்.

அடுத்த தெருவில் ரிக்குக்கு உதிரி பாகம் செய்கிற லேத் பட்டறை. வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுபோய், இதே அளவில் ஒரு இரும்புத் துண்டு வேண்டும் என்றேன். பட்டறை அண்ணன் என்ன ஏது என்று கேட்கவில்லை. அளவு போட்ட படம் கையில் வந்தால் போதும் அவருக்கு. மறுநாள் போனபோது துண்டு தயாராக இருந்தது. அதே நீளம், அதே அகலம், மூலைகளை அழகாக உருட்டி, கண்ணாடிபோலப் பாலீஷ் போட்டு வைத்திருந்தார். மேலே மூன்று இடத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தெரிந்தது.

"அண்ணா, இது கேமராங்க. வெளிய துருத்திக்கிட்டு இருக்கோணும். நீங்க ஓட்டை போட்டு வெச்சிருக்கறீங்க" என்றேன். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் துண்டை அங்கேயே போட்டிருப்பேன். கனத்துக்குப் பயந்து போடவில்லை.

"வட்டம் போட்டு அளவு எழுதியிருந்துச்சுங்க அம்மணி. வட்டம்னாத் துளைதானுங்களே" என்றார் அவர்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பூமியையே துளைத்துப் பிழைக்கிற ஊரில் வட்டத்துக்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? இருந்தாலும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். அக்கா துண்டை வாங்கி, ஒரு துளையில் கண்ணை வைத்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது. அதைக் கண்ணாடிக் கவுண்டரின்மேல் வைத்து, "வரப்போகும் போன் இதுதான், பிடித்துப் பாருங்கள்" என்று எழுதி ஒட்டினோம்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பாகிவிடுகிறது. முதலில் வந்த ரிக் டிரைவர் அதைச் சட்டைப் பையில் போட்டுப் பார்த்தார். பை கிழியப் பார்த்தது. "கனம் தாங்காதுங்க" என்று குறை சொன்னார். இது இரும்பு, போன் இவ்வளவு கனக்காது என்று சொன்னதற்கு, "அப்பறம் எதுக்குங்க இரும்புல வுடறான்?" என்றார். பரமத்தி வேலூரிலிருந்து வந்திருந்த வெற்றிலை வியாபாரி ஒருவர் அதைக் காதில் வைத்து, பேசுவதுபோல நடந்து காட்டி, "காதுக்கு அடக்கமாத்தான் இருக்குது" என்று தீர்ப்புச் சொன்னார். இன்ஜினியரிங் காலேஜ் மாணவிகள் ஸ்கேல் கொண்டுவந்து அளந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று குஷியில் ஒருத்தியை ஒருத்தி தட்டிக்கொண்டார்கள். பிறகு அந்தத் துண்டோடு செல்பி எடுத்து ஸ்டேட்டஸில் போட்டார்கள். அவ்வளவுதான். உலகத்துக்கே இன்னும் வராத போன் திருச்செங்கோட்டுக்கு வந்துவிட்டதாகப் பேச்சுக் கிளம்பிவிட்டது. நாமகிரிப்பேட்டையிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்து, இரும்பைப் பார்த்து ஏமாந்து, வந்ததற்கு ஒரு கவர் அடித்துக்கொண்டு போனார்.

எல்லோரும் பார்த்தார்கள், சிரித்தார்கள். புக்கிங்தான் ஆகவில்லை. அக்கா மாலையில் துண்டைத் துடைத்து வைக்கும்போது முகம் சுருங்கிப்போயிருக்கும். வடக்கே மழை பிடித்துவிட்டதாக மாமா சொல்லியிருந்தார்.

வழி காட்டியது ஒரு டீச்சரம்மா. குடும்பப் போட்டோவோடு வந்தவர், படத்தைக் கவுண்டரில் வைத்துவிட்டு, எடுத்துப் பார்த்த துண்டைப் பேச்சுவாக்கில் அதன்மேலேயே வைத்தார். பிறகு குனிந்து பார்த்தார். "ஏனுங்க, எங்க மாமியார் குழிக்குள்ள போயிட்டாங்க" என்றார்.

முதல் துளைக்குள் அந்த மாமியாரின் முகம் கச்சிதமாகத் தெரிந்தது. நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். துளைக்குள் தெரிகிற முகம் எதுவோ, கவரில் அது இருக்காது. துண்டை ஒரு விரல் அகலம் நகர்த்தினேன். மாமியார் தப்பித்து இரண்டு துளைகளுக்கு நடுவில் வந்தார். மூன்றாவது துளையில் வெறும் ஆகாயம் தெரிந்தது. டீச்சரம்மா துண்டைப் பிடுங்கி மறுபடி பழைய இடத்துக்கே நகர்த்தி, கொஞ்ச நேரம் ரசித்துப் பார்த்துவிட்டு, மனசில்லாமல் மாமியாரைக் காப்பாற்றினார். அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு முன்பணம் வாங்கினோம். அதுதான் முதல் புக்கிங்.

பட்டறை அண்ணன் நான் நினைத்தபடி கேமரா துருத்திக்கொண்டு இருக்கும்படி செய்திருந்தால் இது நடந்திருக்காது. மறுநாளிலிருந்து கடைக்கு வந்தவர்கள் போனைப் பார்க்க வரவில்லை, தங்கள் போட்டோவில் யார் குழிக்குள் போகிறார்கள் என்று பார்க்க வந்தார்கள். குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கவுண்டரைச் சுற்றித் தலைகள் குனிந்திருக்கும். "அக்கட்டால நகத்துங்க, பெரியப்பா போறாரு." "போனாப் போறாரு, இக்கட்டால பாப்பா வாராளே." யாரைக் காப்பாற்றுவது, யாரை விடுவது என்று சிரித்துக்கொண்டேதான் சண்டை போட்டார்கள். ஆனால் உண்மையாகவே போட்டார்கள். அண்ணன் தம்பிகள் கூட்டாக வாங்கிய ரிக் ஒன்றின் படத்துக்கு அரைநாள் ஆனது. எதிர்க் கடை ஷோரூம்காரர்கூட ஒருநாள் மெல்ல வந்து தன் கல்யாணப் போட்டோவை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார். நான் டீ குடிக்க நேரமில்லாமல் பறந்தேன். அந்த நாட்களில் எனக்கிருந்த சந்தோஷத்தை மறைக்க ஒன்றுமில்லை. காலையில் கடை திறக்கப்போகும்போது ஓடாத குறையாகப் போவேன்.

அந்தச் சந்தடியில்தான் மாமா வந்து சேர்ந்தார். முதல் நாள் வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டுத் தூங்கினார். மறுநாள் கடைக்கு வந்தவர் நேராக உள்ளே வந்து, ஆணியில் மாட்டியிருந்த கடைச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கட்டடக்காரர் இன்னைக்கு ஊட்டுல இருக்கறாராம். பேசி முடிச்சுரலாம்" என்றார். அக்கா துண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கவுண்டரைச் சுற்றி ஆள் நின்றதால் வாயை மூடிக்கொண்டேன். மாமாவும் ஆட்கள் போகட்டும் என்று ஸ்டூலில் உட்கார்ந்தார்.

ஆட்கள் போகவில்லை. ஒரு குடும்பம் போனால் இன்னொன்று வந்தது. அக்கா ஒவ்வொருவருக்கும் துண்டை நகர்த்திக் காட்டி, பென்சிலால் குறித்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். மாமா பார்த்துக்கொண்டே இருந்தார். தன் பெண்டாட்டியைக் கடைக்குள் இவ்வளவு நேரம் அவர் பார்த்ததேயில்லை என்று எனக்குத் தோன்றியது. ஒருவழியாகக் கூட்டம் ஓய்ந்தபோது எழுந்துவந்து துண்டைக் கையில் எடுத்தார். விரலால் துளையைத் தடவி, "நல்லாப் போட்டிருக்கறான்" என்றார். துளை நன்றாக இருந்தால் அவருக்குப் பாராட்டாமல் இருக்க முடியாது.

கவுண்டர் கண்ணாடிக்கு அடியில் மாதிரிக்கு வைத்திருந்த படங்களில் அவருடைய பூஜை போட்டோவும் இருந்தது. துண்டை அதன்மேல் வைத்தார். மூன்றாவது துளைக்குள் எதுவும் விழவில்லை, பலகை முழுசாக இருந்தது. முதல் துளைக்குள் அக்காவின் முகம் தெரிந்தது. மாமா குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து தன் பழைய போனை எடுத்து, அதன் முதுகைத் திருப்பிப் பார்த்தார். இத்தனை நாள் கையில் வைத்திருந்ததை அப்போதுதான் பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

துண்டை மெதுவாக நகர்த்தினார். அக்கா முகம் துளையை விட்டு வெளியே வந்தது. மூன்றாவது துளை பலகையின்மேல் ஏறி ஓர் எழுத்தை விழுங்கியது.

"மாமா, போர்டுல ஒரு எழுத்து போயிருதுங்க" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

"போனாப் போச்சாது. இப்படியே குறிச்சுக்கோ" என்றார்.

நான் பென்சிலை எடுக்கவில்லை. அக்கா எடுத்தாள். குறிப்பதற்கு முன்னால் நிமிர்ந்து, மற்றவர்களிடம் சொல்கிற அதே குரலில் சொன்னாள்: "போன் வந்தப்பறந்தானுங்க கவரு. தீபாவளி நோம்பிக்கு மேல ஆயிரும். அதுவரைக்கும் கடை இருக்கோணும்."

"இருக்கட்டும்" என்றார் மாமா.

"முன்பணம் இல்லாம நாங்க புக்கிங் எடுக்கறதில்லீங்க" என்றாள் அக்கா.

மாமா சட்டைப் பையைத் துழாவி, கடைச் சாவியை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். அக்கா அதை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு வந்து, போட்டோவில் பென்சிலால் குறித்தாள்.