சிரட்டையில் ஊற்றிய பசை

மைதாப் பசை காய்ச்சும் வாடை எங்காவது வந்தால் எனக்கு இன்றும் கோபம் தலைக்கேறும். சுவரொட்டி ஒட்டுகிறவர் வாளியோடு எதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்த ஆள் என்ன செய்தார், பாவம். என் கோபமெல்லாம் ஒரு செக்ரட்டரி அம்மாள்மேல், ஒரு கால அட்டவணைமேல், அப்புறம் எல்லாரையும்விட அதிகமாக, இருபத்திரண்டு வயதில் எல்லாம் தெரிந்தவளாக நடமாடிய என்மேல்.

அறுபதுகளின் பின்பாதி அது. அரிசிக்கு ரேஷன் கடை வாசலில் வரிசை நின்ற காலம். நான் நர்சரி டிரெயினிங் முடித்த கையோடு, மலையாள நாட்டில், கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டுக் கட்டிடத்தில் நடந்த நர்சரியில் டீச்சராகச் சேர்ந்தேன். ஆபீசர்களின் வீட்டம்மாமார் கமிட்டியாகச் சேர்ந்து தர்மத்துக்கு நடத்திய நர்சரி. அவர்களில் ஒருவர்தான் அந்தச் செக்ரட்டரி அம்மாள். பிள்ளைகள் முப்பது பேர். சாலை என்ற கடைத்தெருவில் மூட்டை சுமக்கிறவர்கள், ஓட்டலில் மாவாட்டுகிறவர்கள், கட்டிட வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்கள் ஆகியோரின் பிள்ளைகள். பாதிக்கு மலையாளம், பாதிக்குத் தமிழ். நான் அந்தச் சாலைக் கடைத்தெருவிலேயே பிறந்து வளர்ந்தவள், இரண்டும் வாயில் வரும். அதனால்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. எனக்கு உதவிக்கு ஒரு ஆயா. மதியம் உப்புமா கிண்டுவதும் பசை காய்ச்சுவதும் அவளுடைய வேலை.

டிரெயினிங்கில் எங்களுக்கு அடித்துச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: ஐந்து வயதுக்கு முன்னால் எழுத்தைக் கொடுக்காதே, கைக்கு வேலை கொடு. அதை நான் அப்படியே நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன். செம்மண்ணைக் குழைத்துக் கொடுத்தேன். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிச் செம்பருத்திச் சாற்றில் முக்கி அச்சு பதிக்க வைத்தேன். பழைய காலண்டர் தாளைக் கிழிக்கச் சொல்லி, கிழித்த துண்டுகளைப் பசை தொட்டு மீனாகவும் வாழைப்பூவாகவும் ஒட்டச் சொன்னேன். துணிப்பைக்குள் புளியங்கொட்டை, பாக்கு, பீர்க்கங்கூடு எல்லாம் போட்டு, கண்ணை மூடிக் கைவிட்டு என்னவென்று சொல்லச் சொன்னேன். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம்.

அந்தப் பை விளையாட்டில் ஒருத்தியை மிஞ்ச ஆளில்லை. நாலரை வயது. அம்மா கொத்தனாருக்குச் சாந்து சுமக்கிறவள், அந்த ஊரில் மைக்காட்டுப் பணி என்பார்கள். அப்பா எங்கேயோ போய்விட்டான். ஒருநாள், வீடு கட்டும் இடத்தில் கிடந்த இரண்டு குவியலிலிருந்து மணல் அள்ளி, இரண்டு பையில் போட்டு வைத்தேன். மற்றவர்கள் "மண்ணு, மண்ணு" என்று கத்தினார்கள். இவள் மட்டும் விரலை உள்ளே விட்டு நிதானமாகத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது கெட்டு மணலு, இது பூச்சு மணலு. சலிச்சது" என்றாள். கல் கட்டுகிற மணலுக்கும் சுவர் பூசுகிற மணலுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கே அதற்கு முன்னால் தெரியாது. அவளைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினேன். எலும்புதான் கையில் பட்டது. அந்த எடையை வைத்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

பசையை ஆயா காலையிலேயே காய்ச்சி ஆற வைத்துவிடுவாள். பதினோரு மணிக்கு ஆளுக்கொரு சிரட்டையில் ஊற்றி முன்னால் வைப்போம். தேங்காய்ச் சிரட்டைக்கு அங்கே பஞ்சமா என்ன. கொஞ்ச நாளில் எனக்கு ஒன்று பிடிபட்டது. சிரட்டை காலியாகிறது, தாளில் ஒன்றும் ஒட்டவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண் விரலால் வழித்து வழித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர். ஓடிப் போய்க் கையைத் தட்டிவிட்டேன். "சீ, எச்சில்! இதையா திங்கிறது?" என்று சத்தம் போட்டேன். அவள் என்னைப் பார்த்து முழித்தாள். மறுநாளும் தின்றாள்.

காலையில் என்ன சாப்பிட்டாய் என்று நான் அவளிடம் கேட்டிருக்கலாம். ஒரு கேள்வி, அவ்வளவுதான். நான் கேட்கவில்லை. மாறாக, கமிட்டிக்குப் போகும் மாத நோட்டில், நல்ல கையெழுத்தில், "சில குழந்தைகள் பசையைத் தின்னும் கெட்ட பழக்கம் உடையவர்களாக இருப்பதால் மைதா போதவில்லை" என்று எழுதினேன். என்னமோ பெரிய கண்டுபிடிப்பு போல. அதை எழுதிய கையை இன்றைக்கும் எனக்கு மன்னிக்கத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் ஒரு நாள் உறவினர் வீட்டிலிருந்து திரும்பும்போது பஸ் தவறி, நான் நர்சரிக்குள் நுழையும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் ஏக உற்சாகத்தில் இருந்தார்கள். "டீச்சரே, நீலம்! நீலம்!" சிரட்டைகளில் இருந்த பசை லேசான நீல நிறம், மழைக்காலத்து வானம் வெளுக்கிறபோது தெரிவதுபோல அழகாகத்தான் இருந்தது. ஆயா அன்றைக்கு நான் வராததால் அவளே ஊற்றிக் கொடுத்திருக்கிறாள்.

எனக்கு அந்த நிறம் தெரியும். என் அப்பாவுக்குச் சாலையில் மருந்துச்சரக்குக் கடை. மயில்துத்தம், நாங்கள் துரிசு என்போம், பாக்கு மரத்துக்கு மருந்தடிக்கிறவர்கள் சுண்ணாம்போடு கலக்க வாங்கிப் போவார்கள். புத்தகம் பைண்டு செய்கிறவர்கள் பூச்சி வராமல் இருக்கப் பசையில் ஒரு துளி போடுவார்கள். கடையில் அதைக் கைக்கெட்டாத மேல் தட்டில்தான் வைப்பார் அப்பா. "மக்களே, துரிசு தொட்ட கையோட சோத்துப் பக்கம் போகாத, விஷமாக்கும்" என்று எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்.

"என்ன போட்டாய் இதில்?" என்று ஆயாவைப் பிடித்து உலுக்கினேன்.

"செக்ரட்டரியம்மா கொடுத்து விட்டதல்லோ, டீச்சரே. ஒரு நுள்ளு இட்டா பின்னே ஒருத்தரும் தின்னாதுன்னு பறஞ்சு." ஒரு சிட்டிகை போட்டால் அப்புறம் யாரும் தின்னமாட்டார்கள் என்றாராம்.

நான் சிரட்டைகளைக் காலால் எட்டி உதைத்தேன். ஆமாம், காலால்தான். குனிந்து எடுக்க நேரமில்லை. தரையெல்லாம் நீலமாக வழிந்தது, பிள்ளைகள் வீறிட்டு அழுதார்கள். மற்றவர்கள் நீலத்தைப் பார்த்துக் கூத்தடித்ததில் இன்னும் வாயில் வைக்கவில்லை. அந்தப் பெண்ணின் சிரட்டை மட்டும் ஏற்கெனவே பாதி காலி. அவள் வாயோரத்தில் நீலம். தாடையைப் பிடித்து, என் முந்தானையால் நாக்கை வழித்தேன். இரண்டு நிமிஷத்தில் அவள் என் மடியிலேயே வாந்தி எடுத்தாள். நிற்காமல் எடுத்தாள். தோளில் போட்டுக்கொண்டு பக்கத்துத் தெரு டாக்டர் வீட்டுக்கு ஓடினேன். அவர் பார்த்து, மருந்து கொடுத்து, சாயந்திரம் வரை கண்ணெதிரே வைத்திருக்கச் சொன்னார். "உடனே வாந்தி வந்ததால் பிழைத்தது" என்றார். அவளைத் தோளில் போட்டுக்கொண்டே நர்சரிக்குத் திரும்பினேன்.

ஒரு மணிக்குச் செக்ரட்டரி அம்மாள் வழக்கம்போல வந்தார். வீட்டுக் காரியமெல்லாம் முடித்துக்கொண்டு, கூட இரண்டு விருந்தாளி அம்மாமாரோடு வருவார். அவர்கள் பார்க்க, முப்பது பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்து கைகூப்பி, ஜெபம் சொல்லி, உப்புமா சாப்பிட வேண்டும். அதற்காகத்தான் உப்புமாவுக்கு ஒரு மணி. அதுவரை பிள்ளைகள் வயிறு என்ன செய்யும் என்று அந்த அட்டவணையைப் போட்டவர்களுக்கும் தோன்றவில்லை, அதைச் சுவரில் ஒட்டிய எனக்கும் தோன்றவில்லை.

நான் நடந்ததைச் சொன்னேன். அம்மாள் பதறவில்லை. "வாந்தி எடுத்து எல்லாம் போயில்லே? நன்னாயி. குட்டிகளுக்கு ஒரு பாடமாயி" என்றார். நல்லதாம், பாடமாம்! விருந்தாளி அம்மாமார் தலையாட்டினார்கள். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை அந்த அம்மாள், எனக்குத் தெரியும். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்ட எண்ணம் இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். கால் படி மைதாவை மிச்சம் பிடிக்க நாலு வயசுப் பிள்ளையின் வாயில் விஷத்தை வைத்துவிட்டு, ஒருத்தியால் இப்படிக் கொண்டை கலையாமல் நிற்க முடிகிறதே!

"இதே பசையை உங்க வீட்டுப் பேரப்பிள்ளைக்கு ஒரு விரல் ஊட்டிட்டு அப்புறம் பாடத்தைப் பத்திப் பேசுங்க" என்றேன்.

"டீச்சருக்கு ஜோலி வேண்டாமோ?"

"வேண்டாம்னா போறேன். போற வழியில சாலை முழுக்க ஒவ்வொரு கடையிலயும் ஏறி இறங்கிச் சொல்லிட்டுத்தான் போவேன். நாளையிலிருந்து உப்புமா ஒன்பதரைக்கு. அதுக்கப்புறம்தான் கைவேலை. பார்க்க வர்றவங்க ஒன்பதரைக்கு வரட்டும்."

அம்மாளுக்கு முகம் கறுத்தது. சாலையில் பேச்சுப் பரவினால் நன்கொடைக்குப் போய் நிற்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஜெயித்துவிட்டோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு மிதப்பு. அந்த மிதப்பு சாயந்திரம் வரைதான் இருந்தது.

சாயந்திரம் அந்தப் பெண்ணின் அம்மா வந்தாள். தலையில் சும்மாடுத் துணி, முழங்கை வரை காய்ந்த சிமென்ட். என்னை அடிக்க வந்தால் வாங்கிக்கொள்வது என்றுதான் நின்றேன். அவள் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு பிள்ளையை இழுத்து முதுகில் இரண்டு வைத்தாள்.

"ஒட்டுத பசையவா திம்ப, ஒன்னய என்னட்டி செய்ய!" என்று அழுதுகொண்டே என் பக்கம் திரும்பினாள். "டீச்சர், மன்னிச்சிக்கிடுங்க. இனிமே திங்கமாட்டா. பிள்ளைய நிப்பாட்டிராதீங்க. சாரத்துக்கு அடியில விட்டுட்டு வேல பாக்க முடியல, செங்கலு விழுது."

"அடிக்காதீங்க அக்கா, தப்பு எங்களோடது" என்று நான் பிள்ளையைப் பிடுங்கினேன்.

"இல்ல டீச்சர், நாந்தான் சொல்லி விட்டேன். காலம்பற வெறுங்காப்பிதான் குடுக்கேன். டீச்சர் எதக் குடுத்தாலும் வேண்டாம்னு சொல்லாத, மிச்சம் வைக்காமத் தின்னுரணும்னு சொன்னேன். வீட்லயும் அவளுக்குச் செரட்டயிலதான் கஞ்சி ஊத்துவேன்."

வெள்ளையாக, குழைவாக, சிரட்டையில், டீச்சர் கையால். அவள் திருடவும் இல்லை, கெட்ட பழக்கமும் இல்லை. அம்மா சொல்லைக் காப்பாற்றியிருக்கிறாள். நான் கையைத் தட்டிவிட்டு "எச்சில்" என்று கத்தியபோது, கொடுத்தவளே ஏன் திட்டுகிறாள் என்றுதான் முழித்திருக்கிறாள். நான் அதை நோட்டில் எழுதி, ஒரு துரிசுப் பொட்டலத்தை வரவழைத்திருக்கிறேன். நாளைக்கும் பிள்ளையைக் கொண்டுவந்து விடச் சொல்லி அவளை அனுப்பினேன்.

மறுநாள் ஒன்பதரைக்கே ஆயா உப்புமா கிண்டி இறக்கினாள். பிள்ளைகள் வாழையிலைத் துண்டில் வாங்கி மளமளவென்று சாப்பிட்டார்கள். பதினோரு மணிக்கு வெள்ளைப் பசை ஊற்றினோம், ஒருத்தரும் விரலை வாயில் வைக்கவில்லை. முப்பது மீனும் தாளில் ஒட்டின. இவ்வளவு லேசான காரியம். இதற்கு ஒரு பிள்ளை நீலமாக வாந்தி எடுக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் என்னால் எழுத முடிகிறது.

ஆனால் அந்த ஒன்பதரை மணியின் முதல் பந்தியில், அவள் மட்டும் சாப்பிடவில்லை. இலையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, ஆவி பறக்கும் உப்புமாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பசி முகத்தில் தெரிந்தது. "ஏன் மக்களே, சாப்பிடு" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்து, அடி விழுமோ என்று தோளைக் குறுக்கிக்கொண்டு, மெள்ளக் கேட்டாள்:

"டீச்சர், இது திங்கதா, ஒட்டுததா?"

அவள் இலையிலிருந்து ஒரு வாய் எடுத்து நான் தின்று காட்டினேன். நான் விழுங்கி முடித்ததைப் பார்த்த பிறகுதான் அவள் கை இலைக்குப் போனது. அவள் ஒன்றாம் வகுப்புக்குப் போகும்வரை, தினமும் அந்த முதல் வாயை நான்தான் தின்று காட்ட வேண்டியிருந்தது.