கடைசி ஜோடிச் செருப்பு

நான் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் முடித்தவன். மலையடிவார நீர்மின் நிலையத்தில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தபோது, இதெல்லாம் சப்பை மேட்டர் என்றுதான் நினைத்தேன். மேலே அணை. அங்கிருந்து சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய். பாயும் தண்ணீர் டர்பைனைச் சுழற்றும், டர்பைன் ஜெனரேட்டரைச் சுழற்றும், கோயம்புத்தூரில் மோட்டார் ஓடும். அவ்வளவுதானே.

டர்பைனைச் சுற்றி நத்தை ஓடு மாதிரி சுருண்ட இரும்புக் கூடு. ஓடும்போது அது முழுக்கத் தண்ணீர். பராமரிப்புக்கு நிறுத்தினால், பக்கவாட்டு ஓட்டை வழியாகத் தவழ்ந்து உள்ளே போக வேண்டும். வழுக்கும் என்பதால் வெறுங்கால். செருப்பு ஓட்டைக்கு வெளியே கிடந்தால் ஆள் உள்ளே இருக்கிறான். கடைசி ஜோடி போன பிறகே போர்மேன் மூடி போடுவார். பேப்பரில் ஆயிரம் விதி இருந்தாலும் எங்கள் ஆட்கள் நம்பியது இதைத்தான்.

அன்று என்னோடு உள்ளே வந்த பிட்டர் அண்ணன் டீக்குக் கிளம்பினார். நான் உள்வளைவில் டார்ச் அடித்து விரிசல் தேடிக்கொண்டிருந்தேன். சட்டென்று ஓட்டை வெளிச்சம் போனது. போல்ட் முறுக்கும் சத்தம்.

கத்தினேன். குரல் கூட்டைச் சுற்றி ஓடி என் காதிலேயே வந்து விழுந்தது. வெளியே கிரேன் இரைச்சல். எனக்கும் அணைக்கும் நடுவே ஒரே ஒரு வால்வு. அதன் விளிம்பில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் மின் கிரிட்டுக்கு இந்த மெஷின் ஓட வேண்டும் என்று காலையிலேயே போன் வந்திருந்தது. டார்ச்சால் இரும்பை அடித்தேன். அதுவும் அணைந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன், வெட்கமே இல்லாமல்.

எவ்வளவு நேரமோ. மறுபடி போல்ட் கழலும் சத்தம். போர்மேனின் முகம் வெளுத்திருந்தது. பின்னால், டீ குடித்துத் திரும்பி வந்து நான் உள்ளே இருப்பதைச் சொன்ன பிட்டர் அண்ணன், காலில் என் ஆரஞ்சு செருப்பு.

"ஏனுங்க, இது ஆரு செருப்புங்க?" போர்மேனுக்குக் கோபத்திலும் 'ங்க' போகவில்லை.

"என்துல வார் அந்து போச்சுங்க. குப்பைல எறிஞ்சுபோட்டு, டீக்குத்தானேன்னு இதை மாட்டிட்டுப் போயிட்டனுங்க."

போர்மேன் என் கையைப் பிடித்து இழுத்து, "வாங்க கண்ணு," என்றார்.

சாயங்காலம் வால்வு திறந்தார்கள். காலடித் தரை அதிர்ந்தது. நான் போய் வாந்தி எடுத்தேன்.

இப்போதும் உள்ளே போகிறேன். ஒற்றைச் செருப்பை மட்டும் வெளியே விடுவேன். மற்றது என் இடுப்பில். ஒற்றைச் செருப்போடு எவனும் டீக்குப் போக மாட்டான்.