பார் பூட்டும் நேரம்

எங்கள் பஜாருக்குக் கடைசி பஸ் வந்து நிற்பதற்கு முன்பே பாரைப் பூட்டிவிடுவார்கள். வெளியூர்க்காரருக்கு இது ஒரு சேதியே அல்ல. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பெண்களுக்கோ, ஊரில் உருப்படியாக நடக்கிற ஒரே காரியம் இதுதான். பஸ் நிற்கிற இடத்திலிருந்து லயத்துக்கு ஏறும் குறுக்குப் பாதை பாரின் வாசலை உரசிக்கொண்டுதான் தொடங்குகிறது.

ஏப்ரல் பிறந்தால் நுவரெலியாவில் சீசன். கீழ்நாட்டுச் சனம் குளிரைத் தேடி மலையேறும். ஹோட்டல்களில் படுக்கை விரிக்கவும் கோப்பை கழுவவும் ஆள் போதாது. எங்கள் தோட்டத்துப் பெண்களில் கொஞ்சப் பேர் வருஷா வருஷம் அந்த வேலைக்குப் போய், கடைசி பஸ்ஸில் திரும்புவார்கள். கொழுந்து பறிக்கிற சம்பளம் கொடுக்காத சில சந்தோஷங்களை அந்த ஒரு மாத வேலை கொடுக்கும். பிள்ளை காலுக்கு ஒரு சோடி சப்பாத்து, தனக்கென்று ஒரு நல்ல சேலை.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சீசனுக்கு, நடுச்சாமம் வரைக்கும் திறந்து வைக்கத் தற்காலிக அனுமதி கேட்டு பார் முதலாளி விண்ணப்பித்தார். சுற்றுலாப் பயணிகளுக்காகவாம். எங்கள் பஜாருக்கு வந்து சேர்கிற சுற்றுலாப் பயணி பாதை தவறியவராகத்தான் இருப்பார். ஆட்சேபனை உள்ளவர்கள் வந்து சொல்லலாம் என்று பிரதேச செயலகத்தில் ஒரு நாள் குறித்தார்கள்.

பெண்கள் என்னிடம் வந்தார்கள். நான் அதே லயத்தில் பிறந்தவள். படித்து, தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே டீச்சராகி, லயத்துக்கு மேலே சின்னதாய் ஒரு வீடும் கட்டிக்கொண்டவள். செயலகத்தில் செல்லுபடியாகிற சிங்களம் சரளமாகப் பேசுவேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அவர்களை அழைத்து வந்தது ஓர் அக்கா. அவருடைய மகள் என்னிடம்தான் படித்தாள். "நீங்க வந்து நின்னாவே போதும் டீச்சர்," என்றார் அக்கா. நிற்பதோடு விடுகிற ஆளா நான்?

அந்த அறையில் நான் பேசிய பேச்சை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. நன்றாகப் பேசினேன், அதுதான் கூச்சம். எதிரே அதிகாரி, பக்கத்தில் பாரின் மேனேஜர், எனக்குப் பின்னால் சுவரோரமாக எங்கள் பெண்கள். குடித்துவிட்டு ரோட்டில் நிற்கிறவர்களுக்கு நடுவே எங்கள் பெண் பிள்ளைகள் ஏன் நடக்க வேண்டும், ஒரு சிலரின் கொண்டாட்டத்துக்காக ஊரே ஏன் பயந்து சாக வேண்டும் என்று கேட்டேன். நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

அதிகாரி மரியாதையான மனிதர். நிதானமாகச் சிங்களத்தில் சொன்னார்: "டீச்சர் சொல்வதெல்லாம் நியாயம். ஆனால் டீச்சருடைய தம்பியும் அனுமதி கேட்டிருக்கிறாரே. கல்யாண வரவேற்பில் மதுபானம் பரிமாற, ஒரு நாளைக்கு, அதுவும் நடுச்சாமம் வரைக்கும். மண்டபம் பாருக்கு இரண்டு கடை தள்ளித்தான் இருக்கிறது. ரோடு பெண்களுக்கு ஆபத்து என்று பாரை மறுத்துவிட்டு, மண்டபத்துக்கு எப்படிக் கொடுப்பேன்? கொடுத்தால் இரண்டுக்கும் கொடுக்க வேண்டும். மறுத்தாலும் இரண்டையும்தான்."

எனக்கு அது தெரியாது என்று சொல்ல வழியில்லை. அம்மா அப்பா போன பிறகு தம்பிக்கு எல்லாமே நான்தான். கொழும்பில் வேலை செய்கிறான். பெண் வீட்டார் ஹட்டனில் வசதியானவர்கள், ஒரு பார்ட்டி இல்லாவிட்டால் முகம் சுளிப்பார்கள். "எல்லாம் சட்டப்படி பர்மிட் எடுத்துத்தான்க்கா," என்று போனில் சொல்லியிருந்தான். நானும் சரி என்றேன். அது வேறு, பார் வேறு என்று எனக்குள் ஒரு கணக்கு. டை கட்டி, கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிக் குடித்தால் அது குடி இல்லை போலிருக்கிறது! லயத்தில் பிறந்த எனக்கு இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று நினைத்தால் இன்றும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

"மாத்தயா என்ன சொல்றாரு டீச்சர்?" என்று அதிகாரியைப் பற்றி அக்கா பின்னாலிருந்து கேட்டார்.

எதையாவது மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னேன். ஆனால், "தம்பி கல்யாணத்துல ஒரு சின்னப் பார்ட்டிக்கு" என்று சொன்னேன். 'சின்ன' என்பதை அதிகாரி சொல்லவில்லை. அதை நான் சேர்த்தேன்.

அவர்கள் தங்களுக்குள் ஏதோ குசுகுசுத்தார்கள். திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"பந்தக்கால் நட்டாச்சுல்லங்க டீச்சர்?" என்றார் அக்கா.

"முந்தா நாளு நட்டாச்சுக்கா."

"அப்புறம் என்னங்க? பந்தக்கால் நட்ட வீட்டுக்கு நாங்க தடை சொல்லலாமா? விட்டுருங்க டீச்சர். நாங்க ஒண்ணும் சொல்லலன்னு மாத்தயாகிட்ட சொல்லிருங்க."

எங்கள் லயங்களில் அப்படி ஒரு வழக்கம். ஒரு வீட்டில் பந்தக்கால் நட்டுவிட்டால் அந்த வீட்டுக்கு யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். விறகு கேட்டால் விறகு, அண்டா கேட்டால் அண்டா, விருந்தாளி படுக்க இடம் கேட்டால் தாங்கள் இருக்கிற ஒற்றை அறைக் காம்பராவையே ஒழித்துக் கொடுப்பார்கள். முகம் பார்த்துப் பேசாதவர்கள்கூட வந்து வெங்காயம் உரிப்பார்கள். இத்தனை காலமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த வழக்கம் அன்றைக்கு என் கழுத்தைப் பிடித்தது.

நான் சொல்லவேண்டியது ஒரே ஒரு வார்த்தைதான். எங்கள் பார்ட்டி வேண்டாம், இரண்டையும் மறுத்துவிடுங்கள். அதைச் சொல்லச் சிங்களம் எனக்குத் தாராளமாக வரும். ஆனால் சம்பந்தி வீட்டாரின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. கடைசியில், பெண்கள் ஆட்சேபனையை விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதையும் நானே மொழிபெயர்த்துச் சொன்னேன். மேனேஜர் எனக்கு நன்றி சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர்கள் கல்யாணத்துக்கு என்ன சேலை கட்டுவது என்று பேசிக்கொண்டு வந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வரவேற்பன்று மாலை, மாப்பிள்ளை பெண் மேடைக்கு வரும் முன்பே அவர்கள் வந்துவிட்டார்கள். சனிக்கிழமை, ஹோட்டல்களில் வேலை குவிகிற நாள். "இன்னைக்கு லீவு குடுத்தாங்களாக்கா?" என்று கேட்டேன்.

"நாங்க வேலைக்குப் போறதில்லைங்க டீச்சர். கடைசி பஸ்ஸுல வந்து, தொறந்திருக்கிற பாரத் தாண்டி ஏறணும்ல. வீட்டுல வேணாம்னுட்டாங்க. அடுத்த சீசனுக்குப் பாத்துக்கலாம்."

குறையாகச் சொல்லவில்லை. மழை வந்தது, துணி காயவில்லை என்பதுபோலச் சொன்னார். தம்பியையும் பெண்ணையும் வாழ்த்தினார்கள். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று கையைப் பிடித்தேன். "பொழுது சாயிறதுக்குள்ள போயிருறோங்க," என்று புறப்பட்டுவிட்டார்கள். அப்போதுதான் மண்டபத்தின் பின்னறையில் போத்தல்களை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். சம்பந்தி வீட்டார் முகம் சுளிக்கவில்லை. எல்லாம் மிக ஒழுங்காக நடந்ததாகப் பாராட்டினார்கள்.

அடுத்த ஏப்ரலில் ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போய்விட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்பினேன். பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கினார்கள், அக்காவும்தான். மறுபடி சீசன் வேலை. நான் பாரைப் பார்த்தேன். பூட்டியிருந்தது.

"இந்த வருஷம் அனுமதி கேக்கலையாக்கா?"

"கேட்டாங்க டீச்சர். நாங்க போய் வேணாம்னு சொல்லிட்டு வந்தோம்."

"யாரு பேசினா?"

"நாங்களேதான். சிங்களம் தப்புத் தப்பா வந்திச்சு. மாத்தயாவுக்கு ஒரே சிரிப்பு. ஆனா எழுதிக்கிட்டாரு."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அக்கா சற்றுத் தயங்கினார்.

"தம்பி புள்ளைக்குப் பேரு வைக்கிற விசேஷம் வருதுன்னாங்க. அதுக்கும் ஏதாச்சும் பர்மிட்டு கேட்டு வச்சிருந்தீங்கன்னா, உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதாங்க."

கிண்டலா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. பாருக்குப் பக்கத்தில் பாதை ஈரமாக இருந்தது. அக்கா டார்ச்சை அடித்து, "பாத்து வாங்க டீச்சர்," என்று என் காலடிக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டே வந்தார்.