ஓசெல் இன்னும் முடிக்கவில்லை

வெர்லீன் பியானோ படித்தது ஒஹையோவில். பட்டம் வாங்கிய கையோடு பெரிய சபாக்களுக்கெல்லாம் எழுதிப் போட்டாள். ஐம்பதுகளின் ஆரம்பம் அது. கறுப்புப் பெண்ணை மேடையில் உட்காரவைக்க ஒருத்தருக்கும் மனம் வரவில்லை. எங்கள் ஊர் கிரீன்வில்லுக்கே திரும்பி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சர்ச்சில் வாசித்தாள். விரல் தப்பே செய்யாது. எனக்கென்னவோ கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டையைப் பார்ப்பது போலிருக்கும்.

அவள் அண்ணன் ஓசெலுக்கு பருத்தியைப் பஞ்சாக்கும் ஜின்னிங் மில்லில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம், நான் கெளுத்தி மீன் பொரிக்கும் சாராயக் கொட்டகையில் எங்கள் ஜனங்களின் சோகப் பாட்டான ப்ளூஸ் பாடுவான். அங்கே வாசித்த கை சர்ச் பியானோவைத் தொடக்கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. அங்கே ஆடிய கால்கள் மட்டும் மறுநாள் சர்ச்சுக்குள் தாராளமாக வரலாம்! சர்ச் பியானோவையும் விட்டால் மரியாதையாக வாசிக்க வேறு இடமே இல்லாமல் போய்விடுமே என்று, கொட்டகைப் பியானோவை வாசிக்க ஓசெல் எத்தனையோ முறை கூப்பிட்டும் வெர்லீன் வரவில்லை.

பஞ்சுத் தூசி அவன் நெஞ்சை அடைத்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார். குரல் இருக்கும்போதே அண்ணனுக்குப் பக்கவாத்தியம் வாசித்துவிட வேண்டும் என்று அப்போதுதான் வந்தாள், வெள்ளைக் கையுறையும் தொப்பியுமாக.

முதல் பாட்டிலேயே சறுக்கியது. மூச்சு வாங்கியதால் அவன் ஒரு வரியை இழுத்தான். அவள் படித்தபடி எண்ணிக்கொண்டே போய், அவன் வரி முடிவதற்குள் அடுத்த சுரத்துக்குத் தாவிவிட்டாள். ஓசெல் பாட்டை நிறுத்தினான்.

"எங்கேம்மா ஓடுற? பஸ்ஸு போயிடுமா?"

கொட்டகையே சிரித்தது. நானும்தான். அவள் முகம் செத்துவிட்டது.

"ப்ளூஸுக்குப் பன்னெண்டு தாளக்கட்டுதானே, முடிஞ்சுதுண்ணே. நான் சரியாத்தான் மாத்தினேன்."

"நீ சரிதான். எனக்கு இன்னும் சொல்லி முடியலையே. எண்ணாத, என் வாயப் பாரு."

மறுநாள் சர்ச்சில் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். வெர்லீன் திரும்பி நடந்தாள். அடுத்த சனிக்கிழமை, அண்ணன் வாய் தெரியும்படி பியானோவைத் திருப்பிப் போடச் சொன்னாள். நாலு பேர் சேர்ந்து தள்ளினோம். அவன் இழுத்தால் நின்றாள், இருமினால் இடது கையால் அதே சுரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்கு எங்கே மூச்சு அறுகிறதென்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. அப்படி ஓர் இலையுதிர்காலம் முழுக்க ஓட்டினார்கள். அவர்கள் நன்றாக இருந்த காலம் அதுதான்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, பாதி வரியில் அவன் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. சத்தம் வரவில்லை. நாற்காலியோடு அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் அடக்கம் செய்தோம்.

அந்த வாரமும் வெர்லீன் வந்தாள். கையுறை இல்லை, தொப்பி இல்லை. அதே பாட்டைத் தனியாக வாசித்தாள். அந்த வரி வந்தது. அவன் உட்கார்ந்து பாடும் இடத்தைப் பார்த்தபடி ஒரே சுரத்தை உருட்டிக்கொண்டே இருந்தாள். எங்களுக்குப் பொறுக்கவில்லை. யாரோ மெதுவாக, "போதும், மாத்தும்மா" என்றார்.

"அண்ணன் இன்னும் முடிக்கல" என்றாள்.

என் சட்டியில் மீன் தீய்ந்துகொண்டிருந்தது. எடுக்கக் கை வரவில்லை.