வேலி தாண்டினால் அவுட்

இணுவிலில் எங்கள் வளவுக்குள் விளையாடிய கிரிக்கெட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. பந்து வேலி தாண்டினால் அவுட். உலகத்தில் மற்ற எல்லா இடத்திலும் அதற்கு ஆறு ஓட்டம் கொடுப்பார்கள்; எங்களுக்கு அது கட்டுப்படியாகாது. கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் வெங்காயம் நட்டிருந்தார். அவருடைய பாத்திக்குள் விழுந்த டெனிஸ் பந்து திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. அதனால் அண்ணை அடிப்பதெல்லாம் நிலத்தோடு உருண்டே போகும். பந்து போடுவது நான், அவுட் சொல்வதும் நான். எனக்குத் தொண்டை அப்போதே பெரிது.

பள்ளிக்கூட அணிக்கு ஆள் எடுக்கும் நாளில் அண்ணை தெல்லிப்பழையில் எங்கள் பள்ளி மைதானத்தில் போய் நின்றார். அவருக்குப் பதினாறு வயது, எனக்குப் பதினொன்று. மற்றப் பெண்பிள்ளைகளோடு நான் வேப்பமரத்தடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பந்தை அண்ணை தூக்கி அடித்தார். அது மதிலுக்கு மேலால் போய் வீதியில் விழுந்தது. நான் துள்ளி எழும்பி, பழக்க தோஷத்தில், "அவுட்!" என்று கத்தினேன்.

அண்ணை ஒருமுறை என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். விளையாட்டு மாஸ்டர் "டேய், அது சிக்ஸடா! நில்லடா!" என்று கூப்பிட்டபடி பின்னால் ஓடினார். மைதானமே சிரித்தது. அண்ணை நிற்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் மட்டையைத் தொடவேயில்லை.

என்னை அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். நான் கத்தாமல் இருந்திருந்தால் அவர் என்னவெல்லாம் ஆகியிருப்பார் என்று எனக்குள்ளே கணக்குப் போட்டுப் பார்ப்பேன். எனக்கு வயது ஏற ஏற, அந்தக் கற்பனையில் அண்ணை மேலும் மேலும் பெரிய ஆட்டக்காரர் ஆனார். அவர் வெளிநாடு போன பிறகு தொலைபேசியில் அம்மாவின் பிரஷரிலிருந்து மாரிமழை வரை கதைத்திருக்கிறோம். கிரிக்கெட்டை மட்டும் இருவரும் தொட்டதில்லை.

இணுவிலுக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் பார்த்த வேலையிலிருந்து நான் ஓய்வுபெற்றதும், இந்த வருஷம் மெல்பேணில் இருக்கும் அண்ணையிடம் போனேன். இந்தப் பயணத்தில் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று விமானம் ஏறும்போதே முடிவு பண்ணியிருந்தேன். மூன்றாம் நாள் காலை, "வா பிள்ளை, ஒரு இடம் காட்டுறன்" என்று கூட்டிக்கொண்டு போனார். ட்ராமால் இறங்கினால் முன்னால் நிற்கிறது உலகமெல்லாம் தெரிந்த அந்தக் கிரிக்கெட் மைதானம்.

சுற்றிக்காட்ட வந்த வெள்ளைக்காரப் பெரியவர் எங்களைப் புல்லின் விளிம்பு வரை கூட்டிப்போனார். புல்லில் மட்டும் கால் வைக்க வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிட்டு, மற்றவர்களோடு அப்பால் நகர்ந்தார். சுற்றிவர அடுக்கடுக்காக வெறும் கதிரைகள். அத்தனை கதிரையும் என்னைத்தான் பார்ப்பதுபோல இருந்தது.

"அண்ணை, அண்டைக்கு நான் கத்தினது..." என்று தொடங்கினேன்.

அண்ணை புல்லைப் பார்த்தபடி சொன்னார். "அண்டைக்கு எனக்குக் கைகால் எல்லாம் நடுங்கினது, பிள்ளை. தோல் பந்தெல்லே. முதல் ரெண்டும் நெஞ்சுக்கு நேரை வந்தது. மூண்டாவதுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டுதான் மட்டையைச் சுழட்டினனான்."

"அப்ப, அவுட் எண்டு நினைச்சோ நடந்தனீங்கள்?"

"எனக்கென்ன விசரோ? சிக்ஸ் எண்டு வடிவாத் தெரியும். ஆனா நிண்டா நாலாம் பந்து வருமெல்லே. நீ கத்தினாய், நல்ல சாட்டெண்டு வந்திட்டன். வீட்டை வந்து நிம்மதியா ரெண்டு கோப்பை சோறு திண்டனான்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. நாற்பது வருஷத்துக்கு மேலாக நான் வருந்திக்கொண்டிருந்த பெரிய ஆட்டக்காரர் கண்ணை மூடிக்கொண்டு மட்டை சுழற்றியவர்! இதை அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம். இருந்தாலும் மனம் சட்டென்று லேசாகிவிட்டது. அந்தக் குளிர்காற்றில் நன்றாக மூச்சு விட்டேன்.

அண்ணை கொஞ்சம் தயங்கிவிட்டு என்னைப் பார்த்தார். "ஒண்டு கேக்க வேணும் எண்டு கனகாலமா நினைச்சனான். அவ்வளவு சனத்துக்குள்ளை, நான் பயந்து நிக்கிறது உனக்கு மட்டும்தான் விளங்கினது, என்ன? என்னைக் காப்பாத்தத்தானே கத்தினனீ?"

அவருடைய கண் கலங்கியிருந்தது. இத்தனை வருஷமும் அவர் எனக்கு நன்றி சொல்லக் காத்திருந்திருக்கிறார்.

"ஓம் அண்ணை," என்றேன்.