தாயாரிடம் எட்டு நிமிஷம் கேட்டேன்

ஆனி மாதம், பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் வாரம், இவருக்கு வேலை போயிற்று. இவர் என்றால் என் கணவர். திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது வருஷம் சம்ஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தவர். அந்த வருஷம் சம்ஸ்கிருதம் எடுத்த பிள்ளைகள் ஐந்தே பேர். ஐந்து பேருக்கு ஒரு வாத்தியாரை எப்படி வைத்துக்கொள்வார்கள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சால்வை போர்த்தி மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். அந்தச் சால்வையை மடித்து பீரோவில் வைத்துவிட்டு உட்கார்ந்தவர், உட்கார்ந்தவர்தான்.

ஸ்ரீரங்கத்தில் இருக்கிற பாகவதர்களுக்கு, பெருமாள் அடியார்களுக்கு, நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே வீதிக்கு நாலு பண்டிதர்கள் உண்டு. எல்லோரும் இவரைவிடப் படித்தவர்கள். இவரும் நாலு இடத்தில் கேட்டுப் பார்த்தார். "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஆவணி பிறந்தபோது இவர் பேச்சு பாதியாகக் குறைந்துவிட்டது. அதுகூட எனக்குப் பயமில்லை, கல்யாணமான நாளாக நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறவள். ஆனால் இவர் சாத்தமுதை, அதாவது ரசத்தை, இரண்டாம் தடவை கேட்காமல் இலையை விட்டு எழுந்துகொண்டார். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

அடியேனுக்குத் தில்லைநகரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, நேரே கோயிலில் தாயார் சன்னதிக்குப் போய் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். அந்த மாதம் முழுக்க நான் கேட்டது ஒன்றே ஒன்று. இவருக்குப் பெரிய வேலை கொடு என்று கேட்கவில்லை. "தாயே, இந்த மனுஷர் யாருக்காவது தேவைப்படணும். அவ்வளவு போதும்" என்று கேட்டேன். வேறு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

புரட்டாசியில் ஒருநாள், கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு காத்திருந்த ஒருவர் என்னிடம் பேச்சுக் கொடுத்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டார். சம்ஸ்கிருதப் பண்டிதர் என்றேன். "அப்ப மிலிட்டரிக்கு அனுப்புங்களேன்" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்து நான் சிரித்துவைத்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு படைப்பிரிவிலும் கோயில் உண்டு, அதற்குப் பண்டிதரை வேலைக்கு எடுப்பார்கள், பாதிரியாரையும் மௌல்வியையும்கூட எடுப்பார்கள், நாயிப் சுபேதார் என்கிற இளநிலை அதிகாரி பதவி என்று கண்ணை மூடிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அவர் உள்ளே போனதும் போனில் தேடிப் பார்த்தேன். அத்தனையும் நிஜம். இவர் படிப்பும் பொருந்தியது. வயது வரம்பு மட்டும் இவருக்கு அந்த ஒரு தடவைக்குத்தான் இடம் கொடுத்தது.

வீட்டில் இவரிடம் சொன்னேன். மூன்றாம் நாள், "துப்பாக்கி பிடிக்கிறவாளுக்கு நடுவுல நான் என்ன பண்ணப்போறேன்?" என்றார். எனக்குத் தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். நிரந்தர வேலை, பென்ஷன், வைத்திய வசதி என்று எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். என் மாமியார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அங்கே சாத்தமுது கிடைக்குமா என்று. கிடைக்காது என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

சரஸ்வதி பூஜை அன்றைக்குப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே இவர் சொன்னார்: "இங்க பெருமாளுக்குக் கைங்கர்யம் பண்ண ஆயிரம் பேர் இருக்கா. பனியில நிக்கிறவாளுக்கு யார் இருக்கா? நான் போறேன்."

அவ்வளவுதான், முடிவெடுத்துவிட்டார். நான்தான் ஏற்றிவிட்டேன், ஆனால் அன்றைக்குச் சமையலறையில் நின்று அழுததும் நான்தான். அரங்கத்தில் பிறந்து, காவிரியில் குளித்து, ஒரு நாளும் பெருமாளைச் சேவிக்காமல் சாப்பிடாத மனுஷரை எங்கேயோ அனுப்ப வழி சொல்லிவிட்டேனே என்று இருந்தது.

எழுத்துத் தேர்வு இவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பாஸாகிவிட்டார். அடுத்தது உடல் தகுதித் தேர்வு. ஆயிரத்து அறுநூறு மீட்டரை எட்டு நிமிஷத்துக்குள் ஓடிமுடிக்க வேண்டும். பண்டிதராக இருந்தாலும் ஓடித்தான் ஆகவேண்டும். இவர் கடைசியாக ஓடியது எங்கள் கல்யாணத்துக்கு முன்னால், ஒரு ரயிலைப் பிடிக்க. அந்த ரயிலும் போய்விட்டது.

மார்கழி முதல் தேதி ஓட ஆரம்பித்தார். விடியற்காலையில் கோயிலைச் சுற்றியிருக்கிற உத்தர வீதியில் வெறுங்காலோடு, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஓடுவார். கோலம் போடுகிற பெண்கள் முதல் நாள் யாரையோ துரத்திக்கொண்டு போகிறார் என்று நினைத்தார்கள். இரண்டாம் வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடையில் டிராக் பேண்ட் வாங்கிக்கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு வெளியே வர அரை மணி நேரம் வெட்கப்பட்டார். ஒரு சுற்றும் கொஞ்சமும் ஓடினால் தூரம் சரியாக வருகிறது என்று தானே அளந்துவைத்திருந்தார். தொந்தி கரைந்தது. தை கடைசியில் ஒன்பது நிமிஷத்துக்கு வந்துவிட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் நம்பிக்கை வந்தது.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒழுங்கான மைதானத்திலும் ஓடிப் பழகட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலை திருச்சிக்கு அழைத்துப்போனேன். கல்லூரி மைதானம் ஒன்று. போலீஸ் வேலைக்கும் பட்டாளத்துக்கும் தயாராகிற பிள்ளைகள் இருபது முப்பது பேர் அங்கே ஓடுவார்கள். நான் போனில் நேரம் பார்க்க நின்றேன். இவர் கண்ணை மூடி ஒரு தடவை கைகூப்பிவிட்டு ஓட ஆரம்பித்தார். எல்லோரும் ஒரு பக்கம் ஓட, இவர் மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினார். முதல் திருப்பத்திலேயே ஒரு பெண்மேல் மோதப் பார்த்தார். அவள் ஒதுங்கிக்கொண்டு, "சாமி, ராங் சைடுல வரீங்க" என்று கத்தினாள்.

மைதானத்தில் எப்போதும் உள்பக்கம் இடது கைக்கு வரும்படிதான் ஓடுவார்களாம். தேர்விலும் அப்படித்தான். எங்களுக்கு யார் சொன்னார்கள்? இவர் இரண்டு மாதமாக ஓடியது கோயிலைச் சுற்றி. கோயிலை வலமாகத்தானே சுற்றுவோம்? பெருமாள் எப்போதும் வலது கைப்பக்கம். சரி என்று திரும்பி இடது பக்கமாக ஓடினார். அரைச் சுற்றுகூட முடியவில்லை, நின்றுவிட்டார். காலைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சுளுக்கு என்று நினைத்து ஓடினேன். சுளுக்கு இல்லை.

ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் திரும்பும்போது, காவிரிப் பாலத்தின்மேல் வைத்துச் சொன்னார்: "கால் வரமாட்டேங்கறது. பெருமாளை இடப்பக்கம் வச்சுண்டு அப்பிரதட்சிணமா சுத்தற மாதிரியே இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. இவர் விளையாடவில்லை. முப்பத்து சொச்ச வருஷம் ஒரே பக்கமாகச் சுற்றிய கால் அது. எல்லோரும் "மைதானத்தில் பெருமாள் எங்கே இருக்கார்" என்று கேட்பார்கள். நானும் கேட்டேன். "எனக்குத் தெரியறது, காலுக்குத் தெரியலையே" என்றார். அப்புறம் நாலு நாள் மைதானத்துப் பக்கமே வரமாட்டேன் என்றுவிட்டார். விடிகாலையில் உத்தர வீதியில் மட்டும் ஓடிவிட்டு வந்தார். சாத்தமுதைத் திரும்பவும் ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தாயார் சன்னதியில் நின்று சண்டையே போட்டேன். "நீதானே வழி காட்டினே? ஒரு மனுஷருக்கு உன் வீட்டைச் சுத்திச் சுத்தியே மைதானத்துல ஓட முடியாமப் போச்சுன்னா யாருக்கு அவமானம்? எனக்கு எட்டு நிமிஷம் கொடு. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றேன். வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்தில் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்தார். பின்னால் கூட்டம் தள்ளியது. "நகருங்கோ, நகருங்கோ" என்றார்கள். நகர்ந்தேன். மனசுக்குள் ஒரு பதிலும் வரவில்லை. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போனேன். போன தடவை இவர் மோதப் பார்த்தாரே, அந்தப் பெண் அங்கேயே இருந்தாள். கயல்விழி என்று பேர். பாலக்கரைப் பெண். அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். போலீஸ் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தாள். சாமி ஏன் ஓடாமல் நிற்கிறார் என்று என்னிடம் கேட்டாள். வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தாலும் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு மைதானத்தைப் பார்த்தாள். பிறகு நேரே இவரிடம் போனாள்.

"சாமி, உங்க பெருமாள் இந்த கிரவுண்டுக்கு நடுவுலயா இருக்காரு?"

"இல்லை."

"அப்ப கிரவுண்டுக்கு வெளியதானே இருக்காரு? இப்படி ஓடினா வெளிய இருக்கறது எல்லாமே உங்க வலது கைப்பக்கம்தானே வரும். ஸ்ரீரங்கமும் அங்கதானே இருக்கு."

சொல்லிவிட்டு அவள்பாட்டுக்கு ஓடப்போய்விட்டாள். இவர் மெதுவாக ஒரு சுற்று நடந்தார். சுவருக்கு வெளியே மரங்கள், பஸ், தூரத்தில் மலைக்கோட்டை, எல்லாவற்றையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். என் பக்கத்தில் வந்தபோது சிரித்தார். ஆனி மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். "உச்சிப் பிள்ளையாரும் வலப்பக்கந்தான் இருக்கார், பார்த்தியோ?" என்றார். பிறகு ஓடினார்.

எனக்கு அப்போது உடம்பெல்லாம் சிலிர்த்தது. வெள்ளிக்கிழமை சன்னதியில் வராத பதில் ஞாயிற்றுக்கிழமை இந்தப் பெண் வாயில் வந்தது. தாயார்தான் சொன்னாள் என்று நான் நம்புகிறேன். யார் என்ன சொன்னாலும் நம்புவேன்.

அன்றைக்கு எட்டு நிமிஷம் நாற்பது விநாடி. அடுத்த வாரம் எட்டு நிமிஷம் பத்து விநாடி. கிளம்புவதற்கு முந்தின நாளும் எட்டுக்குமேல் இரண்டு விநாடி இருந்தது. அதோடுதான் ரயிலேறினார். மறுநாள் நான் ஆஸ்பத்திரி மேஜையில் உட்கார்ந்து பேர் பதிந்துகொண்டிருந்தேன், யார் பேரைப் பதிந்தேன் என்று எனக்கே தெரியாது. பத்து மணிக்குப் போன் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே, "ஏழு ஐம்பத்தொண்ணு" என்றார். கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கு முன்னாலும் நான் ஓவென்று அழுதேன். அவர்களும் கண்ணில் நீர் வடிய உட்கார்ந்திருந்ததால் பெரிதாகத் தெரியவில்லை.

பிறகு நேர்முகத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை, பயிற்சி எல்லாம் குறைவில்லாமல் முடிந்தது. இப்போது வடக்கே ஒரு மலைப்பிரதேசத்தில் இருக்கிறார். எந்த ஊர் என்று எனக்கே சொல்லக்கூடாதாம். ரொட்டியும் ராஜ்மாவும் சாப்பிடுகிறார், அதில் ஜலதோஷத்துக்கு மிளகுப் பொடி தூவிக்கொள்கிறார். அங்கே எல்லோரும் இவரைப் பண்டிட்ஜி என்கிறார்கள். நான் தனியாக இருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மாமியாரும் நானும் முன்னைவிட சிநேகிதமாகிவிட்டோம். இவர் பேச்சைத் தவிர எங்களுக்கு வேறு பேச்சில்லை.

கயல்விழிக்கு அந்த வருஷம் வேலை கிடைக்கவில்லை. கொஞ்சத்தில் தவறிவிட்டது. அதற்காகத் தாயாரிடம் நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு நேரம் பார்க்க மைதானத்துக்குப் போகிறேன். கிடைக்கும்வரை விடப்போவதில்லை, அவளையும் சரி, தாயாரையும் சரி.

போன மாதம் இவர் போனில் ஒன்று சொன்னார். ரோந்துக்குக் கிளம்புகிற ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது, இவரிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். அவனுக்குத் தமிழ் தெரியாது, நம் பெருமாளைத் தெரியாது. கை நடுங்கிக்கொண்டிருந்ததாம்.

"எனக்கு ஒரு ஸ்லோகமும் வரலை. ஒன்பது வருஷம் சொல்லிக்கொடுத்தது எதுவும் வரலை. அவன் கை நிக்கற வரைக்கும் பிடிச்சுண்டு நின்னேன்" என்றார். ஆறாம் நாள் அந்தப் பையன் திரும்பி வந்து முதலில் தேடியது இவரைத்தானாம்.

யாருக்காவது தேவைப்படணும் என்று கேட்டேன் அல்லவா? தாயார் அதை மறக்கவில்லை.

இப்போதெல்லாம் ரோந்துக்கு வெளியே போகிறவர்களின் பேரை மட்டும் இவர் எனக்குச் சொல்வார். எங்கே, எப்போது என்று சொல்லமாட்டார். பல்வந்த், ஜோசப், தாஷி, இம்ரான். சாயங்காலம் சன்னதியில் ஒவ்வொரு பேராகச் சொல்வேன். அவர்களைப் பெற்றவர்களுக்கு இப்படி ஒருத்தி இங்கே நிற்பது தெரியாது. மனம் விட்டுப்போயிருக்கிற பாகவதர் யாராவது இதைப் படித்தால், அடியேன் மாதிரி உரிமையோடு சண்டைபோட்டுக் கேளுங்கள். தாயார் கோபித்துக்கொள்ளமாட்டாள். உங்கள் பிள்ளைகள் பேரைச் சொல்லி முடித்த பிறகு, இந்த நாலு பேரையும் ஒரு தடவை சொல்லிவிட்டு நகருங்கள்.