பழைய முகவரிக்குப் போன எச்சரிக்கை

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஊர் ஊராக ஆறேழு வேலை மாறியபின் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கடையின் மேல்மாடியில் எனக்கு வேலை கிடைத்தது. இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கும் சிறு கம்பனி. தெமட்டகொடை, இரத்மலானை, கொட்டாஞ்சேனை என்ற மூன்று இடங்களிலும் வீடுகளுக்கு லைனைப் பிரித்துக் கொடுக்கும் கருவிகள் இருந்தன. எங்காவது வீடுகளுக்குப் போகும் லைன் அறுந்தால் அங்குள்ள கருவி தானாகவே எங்கள் கணினிக்கு எச்சரிக்கை அனுப்பும். கணினி கத்தும், நான் முதலாளிக்குச் சொல்ல வேண்டும். கருவி ஒரு தடவைதான் சொல்லும். யாருக்காவது கேட்டதா என்று பார்க்காது.

சம்பளத்தைவிட, நான் அங்கே வேலை செய்கிறேன் என்ற கம்பனிக் கடிதம்தான் எனக்குப் பெரிது. வடக்கிலிருந்து வந்து லொட்ஜில் தங்கியிருப்பவன் அந்த யுத்த காலத்தில் கொழும்பில் ஏன் நிற்கிறான் என்று இராணுவமோ பொலிஸோ கேட்டால், காட்டுவதற்கு அது ஒன்றுதான் இருந்தது.

புதுக் கணினி வந்தபோது, கருவிகள் எச்சரிக்கை அனுப்பும் முகவரியான அதன் நெட்வேர்க் நம்பர் மாறியது. கருவிகளில் நேரே போய் அதைப் பதிய வேண்டும். இரண்டை முடித்தேன். கொட்டாஞ்சேனைக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் ஆமி பஸ்ஸை மறித்து, எங்களை இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியது. முதலாளியிடம் சொல்லவில்லை. மறிக்கப்பட்டவனை வேலைக்கு வைத்திருக்க ஆட்கள் பயந்த காலம். மூன்றும் முடிந்தது என்றேன். நாளை, நாளை என்று பத்து நாள் போயிற்று.

ஒரு பகல் முதலாளி போன் எடுத்தார்.

"தம்பி, கொட்டாஞ்சேனையில காலையில இருந்து ஒருத்தனுக்கும் லைன் இல்லையாம். ஆளாளுக்கு ஏசுறாங்க. அங்க அலாம் அடிக்கலையா?"

"இல்லை அண்ணை." திரையில் எல்லாம் பச்சை.

"அப்ப அந்தப் புதுக் கம்ப்யூட்டர் சரியில்ல. வித்தவன் மூஞ்சியிலேயே எறியிறேன்."

பேசாமல் இருந்தால் பழி கணினியோடு போய்விடும். நான் பேசாமல்தான் இருந்தேன்.

"சரி, நான் கொட்டாஞ்சேனைக்குப் போறேன், நீயும் உடனே வா."

நான் போனபோது அவர் கருவிக்குப் பக்கத்தில் நின்றார். எலி கடித்த வயரை மாற்றி லைனைச் சரி செய்தேன். பிறகு மடிக்கணினியைக் கருவியில் கொழுவினேன். காலையில் அனுப்பிய எச்சரிக்கையும் அது போன முகவரியும் அதில் பதிவாகியிருந்தன. அவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"இது பழைய நம்பர்தானே?"

"ஓம் அண்ணை. நான் இஞ்ச வரேல்ல. வழியில மறிச்சுப் போட்டாங்கள்."

"ஆமியா?"

"ஓம்."

"பேர் எழுதினாங்களா?"

"எழுதினவங்கள்."

எச்சரிக்கையைப் பற்றி அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி, மாத்து" என்றார்.

மாதக் கடைசியில் கடிதத்தைப் புதுப்பிக்கக் கேட்டேன். எப்போதும் ஆறு மாதத்துக்கு எழுதிக் கொடுப்பவர், அந்தத் தடவை ஒரு மாதத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.